மனசு சரியில்லாதபோது எல்லையூர்களில் நாம் செய்யும் தவறுகள்

தேனி மாவட்டத்தில், கேரள எல்லையோரம் இருக்கும் கம்பம் ஊரில் ஒரு வீட்டில் யாருக்காவது மனசு சரியில்லை என்றால், "குமுளி தாண்டி கோட்டயம் பக்கம் போய்க் காட்டுவோம்" என்ற பேச்சு முதலில் வரும். அங்கே நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் பல வீடுகளில் காரணம் அதுவல்ல. இங்கே காட்டினால் தெருவுக்கே தெரிந்துவிடும், நாளைக்குப் பெண் கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்ற பயம்தான்.

இதைத்தான் பெரிய தவறு என்பேன். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரை நன்றாக வேலை செய்யவே சில வாரங்கள் ஆகும். நடுவில் டாக்டரைப் பார்த்து அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கும். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் எத்தனை தடவை போக முடியும்? இரண்டாம் தடவையோடு நின்றுவிடும். "கேரளாவில் காட்டியும் கேட்கவில்லை" என்ற பேச்சுதான் மிஞ்சும்.

மொழியும் தடுக்கும். ஏலக்காய்த் தோட்டத்தில் பழகிய மலையாளம் கூலி பேசப் போதும். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு என்ன நினைத்தோம் என்று சொல்லப் போதாது. மலையாளத்தில் விஷமம் என்றால் மனவருத்தம், நமக்கோ குறும்பு. டாக்டர் "விஷமம் உண்டோ?" என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம்.

அதனால் பக்கத்தில், நம் மொழியில், அடிக்கடி போகக்கூடிய இடமாகப் பாருங்கள். க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மனநலப் பிரிவு எது என்று கேட்டுப் போகலாம். நேரில் போகத் தயக்கமா? 14416-க்கு போன் செய்யுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' அரசு சேவை அது. காசு கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

அப்புறம் இன்னொரு தவறு, உடம்பு சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது. விடியுமுன் ஜீப் ஏறி மலைத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் மனக்கவலை என்று சொல்ல மாட்டார்கள். தலைபாரம், படபடப்பு, அசதி என்பார்கள். ரத்தசோகையும் தைராய்டும் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். அது சரியாக இருந்தும் தூக்கமும் பசியும் திரும்பவில்லை என்றால், அடுத்த டானிக்கைத் தேடாமல் மனநல டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதில் தப்பில்லை. மருத்துவத்தை நிறுத்திவிட்டுப் போவதும், கட்டிப்போடுவதும்தான் தப்பு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது.

கொஞ்சம் தேறியதும் மாத்திரையைச் சொந்தமாக நிறுத்துவதும் வேண்டாம். நோய் திரும்பி வரக்கூடும்.

இன்னொன்று. "செத்துப்போகத் தோன்றுகிறதா?" என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் வாயைத் திறப்பதில்லை. கேட்பதால் எண்ணம் வராது, உள்ளே இருப்பது வெளியே வரும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்தை அன்றைக்கே வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். அவர் தற்கொலைக்கு முயன்றுவிட்டால், போலீஸ் கேஸாகும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்காதீர்கள். கடும் மன அழுத்தத்தில் முயன்றவராகவே அதே 2017 சட்டம் அவரைக் கருதுகிறது. தண்டிக்கச் சொல்லவில்லை, சிகிச்சை தரச் சொல்கிறது.