கேஷ்பேக் சலுகையில் பெரிய பொருள் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

தீபாவளிக்கு முன்பும், நவம்பரில் பிளாக் ஃபிரைடே வாரத்திலும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடைகளில் ஃபிரிட்ஜ், டிவி, வாஷிங் மெஷின் மேல் தொங்கும் விலை அட்டையை நின்று படியுங்கள். பெரிய எழுத்தில் 12,999 ராண்டு. அதன் அடியில் பொடி எழுத்தில், ‘2,000 ராண்டு கேஷ்பேக் போக’ என்று இருக்கும். டில்லில், அதாவது பணம் கட்டும் இடத்தில், நீங்கள் கட்டப்போவது 14,999. மிச்ச 2,000 கைக்கு வர, படிவம் நிரப்பி, ரசீது அனுப்பி, இரண்டு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அதுவரை அந்தப் பணம் நீங்கள் நிறுவனத்துக்கு வட்டியில்லாமல் கொடுத்திருக்கும் கைமாற்று.

நிறுவனம் ஏன் விலையை நேரடியாகக் குறைப்பதில்லை? அலமாரி விலை ஒருமுறை இறங்கினால் அதை மறுபடி ஏற்றுவது கடினம். வாங்குகிற எல்லோரும் படிவம் அனுப்புவதில்லை. அனுப்பியவர்களிலும் சிலர் ஏதோ ஒரு தாள் குறைந்து நிராகரிக்கப்படுவார்கள். அப்படிக் கொடுக்காமல் மிஞ்சும் பணம் நிறுவனத்தின் கணக்கில் முன்கூட்டியே சேர்ந்த ஒன்று. உங்கள் பெயர், போன் எண், முகவரியும் கூடவே கிடைத்துவிடுகின்றன. இதில் மோசடி இல்லை. ஆனால் யார் ஒழுங்காகத் தாள் சேர்க்கிறாரோ அவருக்கு மட்டுமே இது லாபம் தரும் ஏற்பாடு. குடும்பத்தில் அப்படி ஒருவர் இல்லையென்றால் நேரடித் தள்ளுபடியைத் தேடுங்கள்.

முதலில் கணக்கு

ஒரே மாடல் ஃபிரிட்ஜ் இரண்டு கடைகளில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கடையில் 14,999, பிறகு 2,000 கேஷ்பேக். இரண்டாம் கடையில் நேரே 13,499. அட்டையைப் பார்த்தால் முதல் கடை 500 ராண்டு மலிவு. இப்போது மூன்று விஷயங்களைக் கழித்துப் பாருங்கள்.

ஒன்று, பணம் வரும் என்ற உறுதி. படிவ வேலையில் பழக்கமில்லாதவர் இதை 80 சதவீதத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அப்படியானால் 2,000-இன் மதிப்பு 1,600. இரண்டு, காத்திருக்கும் காலத்துக்கான வட்டி. கிரெடிட் கார்டில் ஆண்டுக்கு 20 சதவீதம் என்றால் 2,000-க்கு மூன்று மாத வட்டி 100 ராண்டு. மூன்று, பிரின்ட், நகல், கூரியர், டேட்டா. 60 ராண்டு என்று போடுவோம். 14,999-இலிருந்து 1,600 கழித்து, 160 கூட்டினால் 13,559. இரண்டாம் கடையைவிட 60 ராண்டு அதிகம். தாளெல்லாம் கச்சிதமாக வைப்பவர் உறுதியை 95 சதவீதமாகப் போட்டால் கணக்கு 13,259 ஆகும். அவருக்கு முதல் கடைதான் மலிவு.

கடையில் நின்றுகொண்டு இவ்வளவு கணக்குப் போட முடியாதென்றால் ஒரு குறுக்குவழி உண்டு. பின்னால் வரும் தொகை, உடனே கிடைக்கும் தள்ளுபடியைவிட மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாக இருக்கட்டும். 1,500 நேரடித் தள்ளுபடிக்கு ஈடாக 2,000-க்குக் குறைந்த கேஷ்பேக்கை ஏற்க வேண்டாம்.

தவணையில் வாங்குகிறவர்களுக்குக் கணக்கு இன்னும் கடுமை. வட்டி 12,999-க்கு அல்ல, முழு 14,999-க்கும் ஓடும். 24 மாதத் தவணை, 20 சதவீத வட்டி என்றால், திரும்பி வரப்போகிற அந்த 2,000-க்கு மட்டும் ஏறத்தாழ 443 ராண்டு வட்டி. கேஷ்பேக் வந்ததும் அது கறிக்கடையிலும் பெட்ரோலிலும் கரைந்துவிட்டால் இந்த 443 நஷ்டம் நஷ்டமே. வந்த அன்றே கடன் கணக்கில் கட்டிவிடுங்கள். தேசியக் கடன் சட்டப்படி (2005-இன் 34-ஆம் சட்டம்) எந்தத் தொகையையும் எப்போது வேண்டுமானாலும் முன்கூட்டிக் கட்டலாம். அதற்கு அபராதம் கிடையாது. கடன் கொடுப்பவர் தரும் விலைப்புள்ளி ஐந்து வேலை நாள் அவரைக் கட்டுப்படுத்தும். அவசரம் வேண்டாம், அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்து வந்து வட்டி, மாதச் சேவைக் கட்டணம், காப்புறுதி எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

லேபையில் போடுகிறவர்களுக்கு, அதாவது பொருளைக் கடையிலேயே வைத்துத் தவணை கட்டி முடித்ததும் எடுப்பவர்களுக்கு, ஒரு தனி எச்சரிக்கை. முதல் தவணை சலுகைக் காலத்துக்குள் கட்டியிருப்பீர்கள். ஆனால் கடைசித் தவணை கட்டிப் பொருளை எடுக்கும் நாளில்தான் பல கடைகள் முழு ரசீது தரும். அந்தத் தேதி சலுகை முடிந்த பிறகு விழுந்தால் படிவம் நிராகரிக்கப்பட்டுவிடும். சலுகைக்கு எந்தத் தேதி கணக்கு என்பதை லேபை போடும்போதே எழுதி வாங்குங்கள். விற்பனையாளரின் வாய்ப்பேச்சு இங்கே உதவாது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

நிபந்தனைத் தாளை முழுதும் படியுங்கள், மூன்று இடங்களில் நிதானியுங்கள். முதலாவது மாடல் எண். ஒரே ஃபிரிட்ஜின் வெள்ளி நிறமும் கறுப்பு நிறமும் கடைசி இரண்டு எழுத்தில் வேறுபடும். ஒன்று பட்டியலில் இருக்கும், மற்றது இருக்காது. இரண்டாவது, பங்கேற்கும் கடைகள். பெரிய இணையக் கடைகளில் அந்தக் கடையே விற்கும் பொருளும் உண்டு, வேறு வியாபாரி அதே தளத்தில் விற்பதும் உண்டு. இரண்டாம் வகைக்குப் பெரும்பாலும் கேஷ்பேக் கிடையாது. கேமரா, லென்ஸ் வாங்குவோர் இன்னும் கவனமாக இருங்கள்: வணிகக்குறி உரிமையாளரின் அனுமதியின்றி இறக்குமதியான சரக்கு என்றால் அதைப் பளிச்சென்று எழுதி ஒட்ட வேண்டும் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் (2008-இன் 68-ஆம் சட்டம்) 25-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த ஒட்டு இருந்தால் தயாரிப்பாளரின் கேஷ்பேக்கை மறந்துவிடுங்கள்.

மூன்றாவது, பணம் எந்த உருவில் வரும் என்பது. காசோலை இந்த நாட்டில் 2020 டிசம்பர் 31-உடன் நின்றுவிட்டது. ஆகவே வங்கிக் கணக்கில் வரலாம், அல்லது கடை வவுச்சராக வரலாம். வவுச்சர் என்றால் மதிப்பைக் குறைத்தே போடுங்கள். காசு கொடுத்து வாங்கிய வவுச்சருக்குச் சட்டம் மூன்று ஆண்டு ஆயுள் தருகிறது. சலுகையாக வரும் வவுச்சருக்கும் அது பொருந்தும் என்று நம்பி இருக்காதீர்கள். அதில் அச்சிட்ட தேதிக்குள் செலவழித்துவிடுங்கள்.

பணம் தரப்போவது யார் என்பதையும் கேளுங்கள். கடையா, தயாரிப்பாளரா, இருவருக்கும் நடுவில் படிவம் வாங்கும் வேறொரு நிறுவனமா? நாளை வழக்கு என்று வந்தால் இந்தப் பெயர்தான் தேவைப்படும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, சலுகை என்ன, எந்தப் பொருளுக்கு, பெற என்ன செய்ய வேண்டும், யாரிடம் எங்கே பெறலாம் என்பதெல்லாம் சலுகை அறிவிப்பிலேயே இருக்க வேண்டும். நிபந்தனைப் பக்கத்தைத் தேதி தெரியும்படி போனில் படம் பிடித்து வையுங்கள். சலுகை முடிந்ததும் அந்தப் பக்கம் இணையத்தில் இல்லாமல் போகலாம்.

ரசீது

படிவங்கள் அதிகம் நிராகரிக்கப்படுவது இங்கேதான். ரசீதில் உள்ள பெயர், படிவத்தில் உள்ள பெயர், வங்கிக் கணக்கின் பெயர் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் ரசீது அப்பா பெயரில் இருக்கும், படிவத்தை மகள் நிரப்புவாள், கணக்கெண் மருமகனுடையது. அதுவே போதும் நிராகரிக்க. எழுத்துக்கூட்டலும் அப்படித்தான்: பிள்ளை என்ற பெயரின் ஆங்கிலக் கடைசி எழுத்தை ஒருவர் ‘வை’ என்று போடுவார், டில்லில் இருப்பவர் ‘ஐ’ என்று அடித்துவிடுவார். அடையாளப் புத்தகத்தில் இருப்பதுபோல் அடிக்கச் சொல்லி, கடையை விட்டு வெளியே வருமுன் சரிபாருங்கள்.

5,000 ராண்டுக்கு மேற்பட்ட முழு வரி ரசீதில் வாங்குபவரின் பெயரும் முகவரியும் இடம்பெறும். டில் ஸ்லிப்போடு திருப்தி அடையாமல் அதைக் கேட்டு வாங்குங்கள். டில் ஸ்லிப் வெப்பத் தாள். டர்பன் வெயிலில் கார் டேஷ்போர்டில் கிடந்தால் சில நாளில் எழுத்து மங்கிப்போகும். வாங்கிய அன்றே படம் எடுங்கள்.

ஒரே ரசீதில் பல பொருளைக் கலந்து மொத்தத் தொகையாகப் போட விடாதீர்கள். சோலார் பேனல் வரிச் சலுகை இதற்கு நல்ல பாடம். 2023 மார்ச் 1 முதல் 2024 பிப்ரவரி 29 வரை வீட்டில் பொருத்திய புதுப் பேனல் விலையில் 25 சதவீதம், உச்சமாக 15,000 ராண்டு, தனிநபர் வருமான வரியில் கழித்துக்கொள்ள அரசு அனுமதித்தது. பேனலுக்கு மட்டுமே, இன்வெர்ட்டர், பேட்டரி, கூலி எதற்கும் இல்லை. பேனலின் விலை ரசீதில் தனி வரியாக இருக்க வேண்டும், மின் இணைப்புச் சான்றிதழும் வேண்டும். 2023 மார்ச்சில் காசு கொடுத்தவர் 2024 வரித் தாக்கல் காலம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கட்ட வேண்டிய வரியே இல்லாதவருக்கு, கழிக்க எதுவும் இல்லாததால், பயன் ஒன்றுமில்லை. கடைச் சலுகையிலும் இதே மூன்றையும் கேளுங்கள்: எந்தப் பகுதிக்கு, எந்தத் தாளோடு, யாருக்கு.

பொருள் வீட்டுக்கு வந்த நாள்

டிவியைச் சுவரில் மாட்டுமுன் பின்புறச் சீரியல் எண்ணைப் படம் எடுங்கள். ஃபிரிட்ஜில் அது பெரும்பாலும் உள்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும்; வாஷிங் மெஷினில் கதவு விளிம்பிலோ பின்புறத்திலோ. பூஜ்யத்தையும் ‘ஓ’ எழுத்தையும், எட்டையும் ‘பி’ எழுத்தையும் குழப்பாமல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து எழுதுங்கள்.

பெட்டியின் பார்கோடை வெட்டி அனுப்பச் சொன்னால் உடனே கத்தரியை எடுக்க வேண்டாம். பொருளை ஓட்டிப் பாருங்கள். ஃபிரிட்ஜ் இரண்டு மூன்று நாள் ஒழுங்காகக் குளிரட்டும். பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பும் உரிமை சட்டம் தருவது, வெட்டிய அட்டைப்பெட்டி அதைப் பறித்துவிடாது. ஆனால் மனம் மாறித் திருப்புவதைக் கடைகள் தங்கள் கொள்கையாக மட்டுமே ஏற்கின்றன, அங்கே முழுப் பெட்டி கேட்பார்கள்.

கடைசி நாளைக் குறிக்கும்போது, ரசீதுத் தேதியிலிருந்தா, பொருள் வந்த தேதியிலிருந்தா என்று பாருங்கள். சில சலுகைகளில் திருப்பும் காலம் முடிந்த பிறகுதான் படிவமே திறக்கும், அதற்குப் பின் இரண்டு வாரத்தில் மூடிவிடும். போன் காலண்டரில் திறக்கும் நாள், மூடும் நாள் இரண்டையும் போடுங்கள். மூடும் நாளுக்கு ஐந்து நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். வங்கிக் கணக்கை உறுதிசெய்யும் கடிதம் கேட்டால் வங்கிச் செயலியிலேயே இறக்கலாம். மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருந்தால் நல்லது. அனுப்பியதும் வரும் குறிப்பு எண்ணைப் படம் எடுங்கள். விளம்பரச் செய்தி அனுப்பச் சம்மதம் என்ற கட்டத்தில் டிக் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ‘உங்கள் கேஷ்பேக் தயார்’ என்று குறுஞ்செய்தி வந்து பின் நம்பரோ ஓடிபியோ கேட்டால் அது திருடன். பணம் போடுவதற்கு அவை இரண்டும் தேவையில்லை.

பணம் வரவில்லையென்றால்

சொன்ன தேதி தாண்டிய மறுநாளே குறிப்பு எண், ரசீது, நிபந்தனைப் படம் மூன்றையும் இணைத்து மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி இல்லை. தாள் குறைகிறது என்று பதில் வந்தால், எந்த நிபந்தனையின் எத்தனையாவது வரிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். பத்து வேலை நாளில் தீராவிட்டால் நுகர்வோர் பொருள் சேவை ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) இலவசமாகப் புகார் செய்யலாம். முதலில் நிறுவனத்திடம் கேட்டதற்கான ஆதாரம் வேண்டும்.

அதற்கும் மேலே சிறு வழக்கு நீதிமன்றம் உண்டு. 20,000 ராண்டு வரை அங்கே கேட்கலாம், இரு தரப்புக்கும் வழக்கறிஞர் கிடையாது. முதலில் 14 நாள் அவகாசம் கொடுத்துக் கோரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டும். நகலும் அனுப்பிய சான்றும் கையில் இருக்கட்டும். பணம் தர வேண்டியவர் யார் என்று அன்று எழுதி வைத்த பெயர் இப்போதுதான் பயன்படும். இத்தகைய கடன் பாக்கி சாதாரணமாக மூன்று ஆண்டில் காலாவதியாகும். ரசீது, படங்கள், மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் அதுவரை ஒரே கோப்பில் வைத்திருங்கள்.