ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களுக்கு மார்க் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டொரண்டோவில் இரவு ஏழு மணிக்கு ஆட்டம் தொடங்கினால் பாம்பனில் நமக்கு விடியற்காலை நாலரை மணி. அங்கே குளிர்காலக் கடிகாரத்துக்கு மாறிவிட்டால் ஐந்தரை. கடலுக்குப் போகிறவனுக்கு எப்படியும் விழிப்பு வந்துவிடும் நேரம் அது. மண்டபம் முகாமில் வளர்ந்து, என்னோடு ஒரே வகுப்பில் படித்து, பின்னால் கனடா போய்ச் சேர்ந்த நண்பன்தான் எனக்கு ஐஸ் ஹாக்கியைப் பழக்கியவன். ஆட்டம் முடிந்ததும் இருவரும் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு அனுப்பிக்கொள்வோம்.

நான் விசைப்படகில் வேலை செய்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எங்களுக்கு மீன்பிடித் தடைக்காலம். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்-இன் ஸ்டான்லி கோப்பைக்கான பிளேஆஃப் ஆட்டங்களும் ஏப்ரல் நடுவில்தான் தொடங்கி ஜூனில் முடிகின்றன. பிளேஆஃப் என்றால் பருவக் கடைசியில் வரும் வெளியேற்றச் சுற்றுகள். ஒரு சுற்றில் ஏழு ஆட்டம் வரை போகும், முதலில் நாலு ஜெயித்த அணி முன்னேறும். படகு கரையில் நிற்கும் நாட்களில் ஓர் ஆட்டமும் விடுவதில்லை. இப்போது தெருப் பையன்கள் நாலைந்து பேரும் கூடப் பார்க்கிறார்கள், அவர்களும் மார்க் போடுகிறார்கள். நான் தொடக்கத்தில் செய்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

புதியவர்களுக்காக ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். 200 அடி நீளம், 85 அடி அகலம் கொண்ட ஐஸ் தளம். ஓர் அணிக்கு ஒரு நேரத்தில் ஐந்து ஆட்டக்காரர்களும் ஒரு கோல்கீப்பரும் இறங்குவார்கள். 20 நிமிடம் வீதம் மூன்று பகுதி. அன்றைய அணியில் 12 ஃபார்வர்டு, 6 டிஃபன்ஸ், 2 கோல்கீப்பர் என்று 20 பேர் இருப்பார்கள். ஒருவர் முக்கால் நிமிடம் அளவில் ஆடிவிட்டுப் பெஞ்சுக்குத் திரும்புவார், அடுத்தவர் இறங்குவார். இதற்கு ஷிப்ட் என்று பெயர். கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி. அதற்கு முன் பக்கை, அதாவது பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டை, கொடுத்த இரண்டு பேர் வரைக்கும் அசிஸ்ட் என்று ஆளுக்கு ஒரு புள்ளி.

பையன்கள் செய்யும் முதல் தவறு, ஜெயித்த அணியில் எல்லாருக்கும் எட்டு, தோற்ற அணியில் எல்லாருக்கும் நாலு என்று போடுவது. நம் கரையில் யாரும் இப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு படகு பெட்டி பெட்டியாக இறால் கொண்டுவருகிறது, பக்கத்துப் படகுக்கு டீசல் காசுகூடத் தேறவில்லை. இரண்டாவது படகில் போனவர்கள் வேலை தெரியாதவர்கள் என்று யாராவது சொல்வார்களா? மடி (இழுவலை) எங்கே இறங்கியது, நீரோட்டம் எப்படி, காற்று எந்தப் பக்கம் என்றுதான் கேட்பார்கள். மீன்பாடு இல்லாத நாளிலும் கிழிந்த மடியைக் கடலிலேயே கட்டி முடித்தவனுக்கு அவன் பேர் நிற்கும்.

2024 பிளேஆஃபில் சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் கோப்பை எட்மண்டனின் கானர் மெக்டேவிட்டுக்குப் போனது. அவர் அணியோ இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் ஃப்ளோரிடாவிடம் 2-1 என்று தோற்றிருந்தது. கோல்கீப்பர் அல்லாத ஒருவர் தோற்ற அணியிலிருந்து அந்தக் கோப்பையைப் பெற்றது அதற்கு முன் ஒரே ஒரு முறை, 1976-ல் ரெஜி லீச். சரி, அது பிளேஆஃப் முழுவதற்கும் சேர்த்துத் தந்த மரியாதை. அந்த ஏழாவது ஆட்டத்துக்கு மட்டும் மார்க் போட்டால்? கடைசி இரண்டு ஆட்டங்களிலும் மெக்டேவிட்டுக்கு ஒரு புள்ளிகூட இல்லை. கோப்பை வாங்கியவர் என்பதற்காக அன்றைக்கு ஒன்பது போடக் கூடாது. தோற்றார் என்பதற்காக மூன்றும் போடக் கூடாது. அன்று அவர் இறங்கிய ஷிப்டுகளில் என்ன செய்தார் என்பதற்கு மட்டும்தான் மார்க்.

பெரிய பெயர் விஷயத்தில் இதைவிடக் கடினமான நாள் ஒன்று எனக்கு நினைவிருக்கிறது. 2025 ஏப்ரல் 6. காலையிலிருந்தே எங்கள் ஊரில் புதிய பாம்பன் பாலத் திறப்பு விழாவின் கூட்டம். அன்று இரவு நம் நேரப்படி பத்து மணி வாக்கில் ஆட்டம். வாஷிங்டன் கேபிடல்ஸின் அலெக்ஸ் ஓவெச்கின் தன் 895-வது கோலை அடித்து, வெய்ன் கிரெட்ஸ்கியின் 894 என்ற சாதனையைத் தாண்டினார். நான் எழுந்து நின்று கைதட்டினேன். கண்ணில் நீர் வந்தது. நண்பன் பத்துக்குப் பத்து போட்டு அனுப்பினான். ஆனால் வாஷிங்டன் அன்று 4-1 என்று தோற்றது. அந்த ஒரு கோலும் ஓவெச்கின் பவர் பிளேயில், அதாவது எதிரணிக்கு ஆள் குறைவாக இருந்த நேரத்தில், தளத்தில் வரைந்திருக்கும் இடது வட்டத்திலிருந்து, தன் வழக்கமான இடத்தில் நின்று அடித்தது. ஒரு மனிதனின் இருபது வருட உழைப்புக்குப் பத்து போடலாம், நூறும் போடலாம். அன்றைய அறுபது நிமிடத்துக்கான மார்க் வேறு தாளில் எழுத வேண்டியது. இரண்டையும் ஒரே எண்ணில் திணித்தால், அன்று எதிரணிக்காக நன்றாக ஆடிய டிஃபன்ஸ்காரருக்கு நாம் அநியாயம் செய்கிறோம்.

இனி பிளஸ் மைனஸ். பையன்களை இதைப் போல வேறெதுவும் ஏமாற்றியதில்லை. கணக்கு எளிது. நீங்கள் தளத்தில் இருக்கும்போது உங்கள் அணி கோல் அடித்தால் பிளஸ் ஒன்று, எதிரணி அடித்தால் மைனஸ் ஒன்று. ஆனால் பவர் பிளேயில் விழும் கோல் இதில் சேராது. அதாவது எதிரணியில் ஒருவர் பெனால்டியில் உட்கார்ந்திருக்க, ஆள் கூடுதலாக வைத்து அடித்த கோலுக்குப் பிளஸ் கிடையாது. ஓவெச்கினின் அந்தச் சரித்திரக் கோலுக்கும் கிடையாது. மாறாக, ஆள் குறைவாக இருக்கும் அணி அடித்துவிட்டால் அது சேரும்.

இப்போது கடைசி இரண்டு நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு கோல் பின்தங்கிய அணி, கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு ஆறாவது ஆட்டக்காரரை இறக்கும். பயிற்சியாளர் தன்னிடம் உள்ள மிகச் சிறந்தவர்களைத்தான் அனுப்புவார். எதிரணி பக்கைப் பிடுங்கி ஆளில்லாத கோலில் தள்ளிவிட்டால், அந்தச் சிறந்தவர்கள் எல்லாருக்கும் மைனஸ் ஒன்று. அவர்கள்மேல் நம்பிக்கை இருந்ததால் விழுந்த மைனஸ் அது. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு சேதமும் இல்லை. இன்னொன்றும் நடக்கும். ஷிப்ட் மாறி இறங்கி ஒரு வினாடிதான் ஆகியிருக்கும், தளத்தின் மறுகோடியில் கோல் விழும். அவருக்கும் மைனஸ்தான்.

2022-23 பருவத்தில் சான் ஹோசே அணியின் எரிக் கார்ல்சன் 101 புள்ளி எடுத்தார். டிஃபன்ஸ் ஆட்டக்காரர் ஒருவருக்கு அது மலைக்க வைக்கும் எண். சிறந்த டிஃபன்ஸுக்கான நாரிஸ் கோப்பையும் அவருக்கே கிடைத்தது. அதே பருவத்தில் அவருடைய பிளஸ் மைனஸ், மைனஸ் 26. அணி தோற்றுக்கொண்டே இருந்தது, அவரோ எப்போதும் தளத்தில் இருந்தார். பாபி ஆர் 1970-71-ல் எடுத்த பிளஸ் 124 இன்றுவரை சாதனை. ஒரு பருவம் முழுக்கச் சேர்ந்து வரும்போது அந்த எண்ணுக்குப் பொருள் இருக்கிறது. ஒரே ஓர் ஆட்டத்தின் மைனஸ் இரண்டை வைத்து மார்க்கைக் குறைக்காதீர்கள். அந்த இரண்டு கோலையும் திரும்ப ஓட்டிப் பாருங்கள். யார் தன் ஆளை விட்டார், யார் பக்கை இழந்தார் என்று பார்த்துவிட்டு அவர் கணக்கில் எழுதுங்கள்.

கோல்கீப்பருக்கு மார்க் போடுவது தனிக் கலை. விட்ட கோலை எண்ணினால் போதாது என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் வந்த ஷாட்டில் எத்தனை பங்கைத் தடுத்தார் என்ற சதவீதத்துக்குப் போகிறார்கள். 20 ஷாட்டில் 3 விட்டால் .850, 40-ல் 4 விட்டால் .900. ஒருவர் கூடுதலாக ஒரு கோல் விட்டும் கணக்கில் மேலே நிற்கிறார், அதுவரை நல்லது. ஆனால் அந்த 40-ல் 30 ஷாட், தூரத்திலிருந்து யாரும் மறைக்காமல் வந்தவையாக இருக்கலாம். 20 ஷாட் வாங்கியவருக்குப் பத்து அடியிலிருந்து, முகத்துக்கு முன்னால் இரண்டு பேர் நின்று மறைக்க, பக்கவாட்டுப் பாஸில் வந்தவையாக இருக்கலாம். கோலின் அளவு ஆறடிக்கு நாலடி. பக் ஓர் அங்குலத் தடிமன், மூன்று அங்குல அகலம் உள்ள ரப்பர் வட்டு. முன்னால் ஆள் மறைத்தால் அது கிளம்பியதே தெரியாது.

ஒவ்வொரு கோலுக்கும் நான் மூன்று கேள்வி கேட்கிறேன். பக் கிளம்பும்போது அவருக்குத் தெரிந்ததா? அவர் சரியான இடத்தில் நின்றிருந்தாரா? முதல் ஷாட்டைத் தடுத்தபின் பக் எங்கே போனது? மூன்றாவதைத்தான் மிகப் பலர் கேட்பதில்லை. தடுத்த பக்கை மூலைக்குத் தள்ளுகிறவரும், எதிரியின் மட்டைக்கே திருப்பிக் கொடுக்கிறவரும் கணக்கில் ஒன்றுதான். ஆட்டத்தில் இருவருக்கும் நிறைய தூரம். அதேபோல 5-1 என்று ஜெயித்த ஆட்டத்தில் கோல்கீப்பரை மறந்துவிடுகிறோம். 1-1 என்று இருந்தபோது அவர் தடுத்த அந்த ஒன்றுதான் ஆட்டம் கைவிட்டுப் போகாமல் காத்திருக்கும்.

கண்ணுக்குப் படாத வேலைக்கு மார்க் இல்லாமல் போவதும் பெரிய குறை. கரையில் ஏலம் கேட்பவருக்கு மீன் தெரியும். படகின் அடித்தளத்தில் இறங்கி ஐஸை உடைத்து அடுக்கு அடுக்காகப் போட்டு மீனைக் கெடாமல் வைத்தவன் தெரியமாட்டான். ஐஸ் ஹாக்கியிலும் எதிரணியின் சிறந்த ஃபார்வர்டை இரவு முழுக்க நிழலாகத் தொடர்ந்தவருக்கும், எதிரணி கோல்கீப்பரின் கண்ணை மறைத்து முதுகில் அடி வாங்கிக்கொண்டு நின்றவருக்கும் புள்ளி அட்டையில் பூஜ்யம்தான். இந்த வேலைக்கு மதிப்புத் தரத்தான் 1978 முதல் தற்காப்பில் சிறந்த ஃபார்வர்டுக்கு செல்க்கி கோப்பை தருகிறார்கள். பாப் கெய்னி முதல் நான்கு வருடமும் தொடர்ந்து வாங்கினார். பாஸ்டனின் பாட்ரிஸ் பெர்ஜரான் ஆறு முறை வாங்கியது சாதனை.

பெர்ஜரான் பெயரைச் சொன்னால் டொரண்டோக்காரனான என் நண்பனுக்கு இன்றும் முகம் வாடிவிடும். 2013 மே 13, முதல் சுற்றின் ஏழாவது ஆட்டம். மூன்றாம் பகுதியில் டொரண்டோ 4-1 என்று முன்னால் இருந்தது. பாஸ்டன் ஒவ்வொன்றாக அடித்து வந்தது. 51 வினாடி மீதியிருக்கும்போது சமன் செய்தவர் பெர்ஜரான், கூடுதல் நேரத்தில் முடித்தவரும் அவரே. 5-4. அன்று டொரண்டோ ஆட்டக்காரர்களுக்கு மார்க் போட்டவர்கள் கடைசிப் பத்து நிமிடத்துக்குத்தான் போட்டிருப்பார்கள். மனது அப்படித்தான் கொதிக்கும். ஆனால் அதற்கு முன் ஐம்பது நிமிடம் ஒன்று நடந்தது. இதைத் தவிர்க்க ஒரே வழி, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் இடைவேளையிலேயே மார்க்கைக் குறித்துவிடுவது. கடைசியில் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். முடிவு தெரியுமுன் எழுதிய எண்தான் நேர்மையானது.

அதே 2013 இறுதிச் சுற்றில் பெர்ஜரான் விலா எலும்பு உடைந்து, தோள் விலகிய நிலையில் ஆறாவது ஆட்டத்தை ஆடினார். நுரையீரலில் துளை விழுந்திருந்ததும் பிறகு தெரிந்தது. பிளேஆஃப் சமயத்தில் அணிகள் காயத்தை மறைக்கும், ‘மேல் உடம்பில் காயம்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆகவே ஒருவர் மெதுவாக ஓடினால் மார்க்கைக் குறையுங்கள், அது சரி. ‘மனசு வைத்து ஆடவில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். கண்ணால் பார்த்ததை எழுதலாம், அடுத்தவன் மனதை நாம் எழுத முடியாது.

ஆடிய நேரத்தைப் பார்க்காமல் மார்க் போடுவதையும் விட்டுவிடுங்கள். முதல் ஜோடி டிஃபன்ஸ்காரர் 24, 25 நிமிடம் ஆடுவார். ஃபார்வர்டுகள் மூன்று மூன்று பேராக நாலு வரிசை, அதில் நாலாவது வரிசைக்காரருக்கு எட்டு அல்லது பத்து நிமிடம் கிடைக்கும். யாருக்கு எதிராக என்பதும் முக்கியம். உள்ளூர் அணிக்குத்தான் கடைசியாக ஆள் மாற்றும் உரிமை. அதனால் அந்தப் பயிற்சியாளர் தன் சிறந்த தற்காப்பை எதிரணியின் நட்சத்திரத்துக்கு நேரே நிறுத்த முடியும். வெளியூர் ஆட்டத்தில் ஒரு நட்சத்திரம் அடங்கிப்போனால் இதையும் கணக்கில் எடுங்கள். அப்புறம், மூன்று கோல் முன்னால் இருக்கும் அணி கடைசிப் பகுதியில் பின்வாங்கி நிற்கும், எதிரணி ஷாட்டாக அடித்துத் தள்ளும். அந்த ஷாட் எண்ணிக்கையைக் காட்டி ‘நன்றாகப் போராடினார்கள்’ என்று மார்க் ஏற்றாதீர்கள்.

‘ஹிட்’, அதாவது எதிரியை உடம்பால் மோதும் எண்ணிக்கையைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பக் எதிரியிடம் இருந்தால்தான் மோத முடியும். நிறைய மோதினார் என்றால் நிறைய நேரம் பக் தன்னிடம் இல்லை என்றும் பொருள். பெனால்டியிலும் தரம் பிரிக்க வேண்டும். எதிரி கோல் பக்கம் சோம்பலில் மட்டையைக் கொக்கி போட்டு வாங்கும் இரண்டு நிமிடத் தண்டனை வேறு, தனியாக கோல்கீப்பரை நோக்கிப் பாய்ந்தவனை இழுத்துப் பிடித்து வாங்கும் இரண்டு நிமிடம் வேறு.

ஆட்டம் முடிந்ததும் அறிவிக்கும் மூன்று நட்சத்திரங்களைப் பார்த்து எழுதுவதும் வேண்டாம். அந்த வழக்கமே 1936-37-ல் இம்பீரியல் ஆயில் நிறுவனத்தின் ‘த்ரீ ஸ்டார்’ பெட்ரோலை வானொலியில் விளம்பரப்படுத்த வந்தது. கொண்டாட்டத்துக்கு அது அழகு, மதிப்பீட்டுக்குப் போதாது.

கடைசியாக அளவுகோல். எங்கள் கணக்கில் ஆறு என்றால் தனக்குக் கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்தார் என்று பொருள். நாலாவது வரிசைக்காரரின் ஆறும் நட்சத்திரத்தின் ஆறும் வேறு வேறு வேலைக்கு. ஒன்பது ஒரு மாதத்தில் இரண்டு மூன்று தடவை வந்தால் அதிகம். இதை முதலில் பேசி முடிக்காவிட்டால் ஒருவர் போடும் ஏழும் அடுத்தவர் போடும் ஐந்தும் ஒரே பொருளில் இருக்கும், சண்டை மட்டும் மிஞ்சும்.

நேரமிருந்தால் ஒரே ஒரு ஆட்டக்காரரின் ஒரு ஷிப்டை, பக்கைப் பார்க்காமல் அவரை மட்டும் பார்த்துத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். சென்ற தடைக்காலத்தில் ஒரு நாள் நாலாவது வரிசையின் சென்டர் (நடு ஃபார்வர்டு) ஒருவருக்கு நண்பன் நாலு போட்டிருந்தான். புள்ளி இல்லை, ஷாட் இல்லை, ஆடியதே ஒன்பது நிமிடம். நான் ஏழு போட்டிருந்தேன். இரண்டாம் பகுதியில் தன் கோல் பக்கத்தில் நடந்த நாலு ஃபேஸ் ஆஃபுக்கும் (நடுவர் இருவர் நடுவில் பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது) அவரைத்தான் இறக்கினார்கள், மூன்றை ஜெயித்தார், அந்த நேரத்தில் எதிரணிக்கு ஒரு ஷாட்கூட இல்லை என்று நேரத்தைக் குறிப்பிட்டு அனுப்பினேன். அரை மணி நேரம் பதில் இல்லை. திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறான். அப்புறம் குரல் பதிவு வந்தது: “சரி மச்சான், ஆறரை போடு. நாலாவது ஃபேஸ் ஆஃபில ஆளை விட்டிட்டார், பார்.”

ஓட்டிப் பார்த்தேன். விட்டிருந்தார்தான். ஆறரை போட்டேன்.