ஓரத்துத் துளிகள் ஏன் கெட்டன?

அக்னி நட்சத்திரம். வேலூர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்களைத் தொங்கு துளியில் வளர்த்துக்கொண்டிருந்தேன். பெட்ரி தட்டு மூடியின் உட்புறம் 20 மைக்ரோலிட்டர் துளிகள். கவிழ்த்து வைத்தால் செல்கள் துளியின் அடியில் இறங்கி, ஒட்டி உருண்டையாகும்.

மைக்ராஸ்கோப்பில் நடுத்துளிகள் கேழ்வரகு மாதிரி உருண்டிருந்தன. ஓரத்தில் எல்லாம் பிய்ந்த பஞ்சு. செல்லைச் சந்தேகித்தேன், சீரத்தை (செல்களுக்கு ஊட்டமாகச் சேர்ப்பது) மாற்றினேன், இரண்டு வாரம் வீண். கடைசியில் இன்குபேட்டரில் காற்றை ஈரமாக வைக்கும் தண்ணீர்த் தட்டை இழுத்தால், காய்ந்து வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. (யாரோ குழாய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அது தனிப் பஞ்சாயத்து.)

காற்றில் ஈரம் குறைந்தால் துளிகள் ஆவியாகும், ஓரத்தில் இருப்பவை முதலில். 20-இல் 4 மைக்ரோலிட்டர் ஆவியானாலே உப்புச் செறிவு கால் பங்கு ஏறிவிடும். பெரிய குடுவையில் அதே 4 போனால் தெரியவே தெரியாது. "துளியைப் பெரிசாக்குங்களேன் அக்கா" என்றான் ஜூனியர். துளி விழுந்துவிடும், அதோடு செல்கள் சுரக்கும் சமிக்ஞைகள் நீர்த்துப்போகும். சிறு துளியில் அவை அருகிலேயே தேங்குவதுதான் எனக்கு வேண்டியது.

துளிகள் காயாமல் இருக்க, பெட்ரி தட்டுக்குள் அடியில் 5 மில்லி பஃபர் (உப்புக் கரைசல்) ஊற்றினேன். வெளிவரிசையில் செல் இல்லாத வெறும் துளிகள். தண்ணீர்த் தட்டில் காய்ச்சி வடித்த நீர். கதவைத் திறப்பது நாளுக்கு ஒருமுறை.

மூன்றாம் நாள் உருண்டைகள் வந்தன. ஒன்றிரண்டு இன்னும் கோணல்தான்.