ஜூலையில் அரோரா தேடிப் போகாதீர்கள்

ஜூலைக்கு டிரோம்சோ டிக்கெட் போட்டுவிட்டு, அரோரா, அதாவது துருவப் பகுதி இரவு வானில் ஆடும் வண்ண ஒளி, எத்தனை மணிக்குத் தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு. எந்த மணிக்கும் தெரியாது. நார்வேயின் வடக்கே உள்ள அந்த ஊரில் மே 20 வாக்கிலிருந்து ஜூலை 22 வாக்கு வரை சூரியன் மறைவதே இல்லை. அதற்காக டிசம்பரில் போனால் இன்னொரு சிக்கல்: சூரியன் எழுவதே இல்லை, நண்பகலில் கொஞ்ச நேரம் நீல வெளிச்சம் மட்டும். இரவில் அரோராவும் பகலில் மலைகளும் வேண்டுமென்றால், என் ஓட்டு மார்ச்சுக்குத்தான்.

சரி, தேதி சரியாக அமைந்தாலும் ஒரே ஒரு இரவை ஒதுக்கிவிட்டு ஏமாறாதீர்கள். கடலோர ஊர், மேகம் மூடினால் மூடினதுதான். செயலியில் கேபி எண் (அரோராவின் வலிமையைக் கணிக்கும் 0 முதல் 9 வரையிலான அளவு) 2 என்று பார்த்துவிட்டு அறையிலேயே படுத்துவிடுபவர்கள் பாவம். டிரோம்சோ, அரோரா அடிக்கடி தோன்றும் வளையத்துக்குக் கீழேயே இருக்கிறது. அங்கே 2 போதும். பார்க்க வேண்டியது மேக நிலவரம். வழிகாட்டிகள் வேனில் ஏற்றிக்கொண்டு சில நாள் பின்லாந்து எல்லைவரை ஓட்டுவதும் தெளிந்த வானத்தைத் தேடித்தான். அப்புறம், போட்டோவில் கண்ட பச்சையை அப்படியே எதிர்பார்க்காதீர்கள். மங்கலான அரோரா வெறுங்கண்ணுக்குச் சாம்பல் மேகம்போலத்தான் தெரியும்.

உடம்போடு ஒட்டி பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது, குளிர் ஏறும். கம்பளி உள்ளாடை வாங்குங்கள். இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் விறைக்கும்.

நார்வேக்கு வடக்கே, அதன் ஆட்சியில் உள்ள ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்துக்குப் போகிறவர்களுக்குப் பெரிய அடி விசாவில். அந்தத் தீவுக்கு விசாவே தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் நார்வே வழியாகப் போய் வர வேண்டும், தீவோ, நார்வே உட்பட ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் வட்டத்துக்கு வெளியே. ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவோடு போன இந்தியர் திரும்பும்போது மாட்டிக்கொள்வார். இருமுறை நுழையும் விசாவாகக் கேட்டு வாங்குங்கள்.

ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்இயர்பைனின் எல்லையைத் தாண்டித் தனியாக நடக்காதீர்கள்; பனிக்கரடி நடமாடும் இடம், வழிகாட்டிகளே துப்பாக்கியோடுதான் போவார்கள். கரடியை நெருங்கிப் படமெடுக்கும் ஆசையும் வேண்டாம். 2025 முதல் 300 மீட்டர் தள்ளி நிற்பது சட்டம். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். உலக நாடுகளின் பயிர் விதைகளைப் பாதுகாக்கும் உலக விதைப் பெட்டகமும் அங்கேதான்; உள்ளே விட மாட்டார்கள், வாசலைப் பார்த்துவிட்டு வரலாம்.

அங்கே பல விடுதிகளிலும் அருங்காட்சியகத்திலும் வாசலிலேயே ஷூவைக் கழற்றச் சொல்வார்கள், நிலக்கரிச் சுரங்கக் காலத்துப் பழக்கம். நம் ஆட்களுக்கு இதில் தவறு நேராது. சாக்ஸில் ஓட்டை இல்லாமல் பார்த்துக்கொண்டால் சரி.