பிடுங்கிய பீட்ரூட்டைப் பாழாக்கும் வழிகள்

கடைக்கூடையில் சுருங்கிக் கிடக்கும் பீட்ரூட்டை மட்டும் பார்த்தவர்களுக்கு, மண்ணிலிருந்து அப்போதுதான் பிடுங்கியது வேறு காய் போலத் தோன்றும். சிவப்பு நரம்போடிய இலை, கருஞ்சிவப்புத் தண்டு, எலிவால் போல நீளும் வேர். மாடித்தோட்டத்தில் முதல் அறுவடையை வீட்டில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டே திரிந்தேன். அப்புறம் ஒவ்வொன்றாகக் கெடுத்தேன்.

முதல் வேலையாகப் பளபளவென்று கழுவினேன். அந்த ஈரத்தோடு எடுத்து வைத்தால் தோல் சீக்கிரம் அழுகும். ஒட்டியிருக்கும் மண்ணைக் காயவிட்டுக் கையால் உதிர்த்தாலே போதும். கழுவுவது சமைக்கும் நேரத்து வேலை.

அடுத்தது, அழகாக இருக்கிறதே என்று இலையோடு வைத்தது. பிடுங்கிய பிறகும் இலை வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த நீர் கிழங்கிலிருந்துதான் போகிறது. இரண்டே நாளில் அழுத்தினால் குழிந்தது. உடனே இலையை நறுக்கிவிட வேண்டும், ஆனால் கிழங்கை ஒட்டி அல்ல. ஓர் அங்குலத் தண்டும் வால்வேரும் அப்படியே இருக்கட்டும். காரணம், பீட்டானின் என்ற அந்தச் சிவப்பு நிறமி தண்ணீரில் கரையக்கூடியது. வெட்டுப்பட்ட இடம் வழியாக வேகும் நீரில் இறங்கிவிடும். தோல் சீவாமல் முழுசாக வேகவைத்து, சூடு ஆறியதும் விரலால் உரித்துப் பாருங்கள், உள்ளே நிறம் அப்படியே இருக்கும். சீக்கிரம் வேகட்டும் என்று ஆப்பசோடா போடுபவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம், சோடாவின் காரத்தன்மை அதிகமானால் சிவப்பு பழுப்பாக மாறும். எலுமிச்சையோ கொஞ்சம் புளித்தண்ணீரோ சேர்த்தால் நிறம் நிற்கும்.

மண்வாசனை அடிக்கிறது என்று பீட்ரூட்டை ஒதுக்குகிறவர்களுக்கும் அதே எலுமிச்சைதான் மருந்து. ஜியோஸ்மின் என்ற பொருளின் வாசனை அது, மழை பெய்ததும் மண்ணிலிருந்து எழுமே, அதேதான். தோலில்தான் அதிகம். மழைக்கு ரசிப்பவர்கள் தட்டில் வந்தால் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை!

வளர்ப்பவர்களுக்கு இரண்டு விஷயம். பீட்ரூட் விதை என்று நாம் ஊன்றுவது பெரும்பாலும் பல விதைகள் சேர்ந்த ஒரு முடிச்சு. ஒரு குழியில் இரண்டு மூன்று முளைக்கும். பாவம் பார்த்து எல்லாவற்றையும் விட்டால் ஒன்றிலும் கிழங்கு திரளாது. ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். இன்னொன்று, பெரிசாகட்டும் என்று காத்திருப்பது. கிரிக்கெட் பந்தைத் தாண்டினால் நார் ஏறிவிடும். வெயில் காலத்தில் விளைந்தது உள்ளே வெள்ளை வளையமாக இருந்தால் கெட்டுப்போனதாக நினைத்துத் தூக்கிப் போடாதீர்கள். சூட்டில் நிறம் சரியாக ஏறவில்லை, அவ்வளவுதான். ஊட்டி பீட்ரூட்டின் ஆழ்ந்த நிறத்துக்கு அந்த மலைக் குளிரும் ஒரு காரணம்.

சரி, நறுக்கிய இலை? நான் முதல் தடவை அதை உரக்குழியில் போட்டேன். பாலக் கீரை என்று நம் ஊரில் பயிராவதைத் தோட்டக்கலைக்காரர்கள் பீட்ரூட்டின் இனத்திலேயே சேர்க்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அதாவது, பீட்ரூட் இலையும் கீரைதான். சிறுநீரகக் கல் தொந்தரவு உள்ளவர்கள் மட்டும் அளவோடு சாப்பிட வேண்டும், ஆக்சலேட் அதிகம். மற்றவர்கள் தண்டைப் பொடியாக அரிந்து முதலில் வதக்கி, இலையைக் கடைசியில் போட்டு, பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்த்துப் பொரியலாக இறக்கலாம். அன்றைக்கே செய்துவிடுங்கள், மறுநாள் இலை துவண்டுவிடும்.