சைக்கோ குளியலறை சீன வெச்சு த்ரில்லர் எடுக்க கத்துக்கலாம் வாங்க (புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு)

த்ரில்லர் ஷார்ட் ஃபிலிம் எடுக்கணும்னு ஆசப்படுறவங்க முதல்ல கேக்குறது என்ன கேமரா வாங்கலாம்னுதான். அத கொஞ்சம் தள்ளி வைங்க. ஹிட்ச்காக் 1960ல சைக்கோவ எடுத்தப்ப பட்ஜெட் சுமார் 8 லட்சம் டாலர், அன்னைக்கு ஹாலிவுட்டுக்கு அது சின்ன காசு, யூனிட்ல நிறைய பேர் அவரோட டிவி தொடருக்கு வேலை பாத்தவங்க, படமும் கருப்பு வெள்ளை. இன்னும் பாக்காதவங்க மொதல்ல முழுப்படத்தையும் பாத்துட்டு வந்துருங்க, கீழ கதை உடையும்.

ஸ்டெப் 1: சத்தத்த மியூட் பண்ணிட்டு பாருங்க

குளியலறை சீன மட்டும் ஓட விட்டு, கட் விழுறப்பலாம் (அதாவது ஒரு ஷாட் முடிஞ்சு அடுத்தது வர்றப்ப) நோட்டுல ஒரு கோடு போடுங்க. கத்தி வர்ற இடத்துல கை வேகம் பத்தாது, நான் மூணு தடவ ரீவைண்ட் பண்ணிதான் எண்ணி முடிச்சேன். அந்த ஒரு சீனுக்கு மட்டும் ஏழு நாள் ஷூட்டிங் நடந்துருக்கு. எடிட்டர் ஜார்ஜ் தோமாசினி.

ஸ்டெப் 2: கத்திய மட்டும் தேடுங்க

இதுதான் முக்கியமான ஸ்டெப், அவசரப்படாதீங்க. ஒவ்வொரு ஃபிரேமா நகத்தி, கத்தி உடம்புல இறங்குதான்னு பாருங்க. ஒரே ஒரு இடத்துல முனை வயித்த தொடுற மாதிரி கண்ண சிமிட்டுற நேரத்துக்கு வந்துட்டு போயிரும், அவ்ளோதான். ஓங்குன கை, அலறுற வாய், தண்ணி, கால், தண்ணி போற ஓட்டைல சுழிச்சுட்டு போற ரத்தம், இதெல்லாம் துண்டு துண்டா வருது, நடுவுல இருக்குற குத்த நம்ம மனசுதான் ஒட்ட வெச்சுக்குது, அதனாலதான் எல்லாத்தையும் பாத்துட்டோம்னு சத்தியம் பண்ணுவோம். ரத்தமா வர்றது சாக்லேட் சிரப். கருப்பு வெள்ளைல அது அப்படியே பொருந்திருச்சு, நீங்க கலர்ல எடுத்தா பழுப்பா தெரியும், பாத்துக்கங்க.

ஸ்டெப் 3: இப்ப கண்ண மூடிட்டு கேளுங்க

குத்துற சத்தம் முலாம்பழம்! காசாபாங்குற வகை, பல பழத்த குத்திக் காட்டி அதுல இருந்து எடுத்தது. வீட்ல நீங்களும் செஞ்சு பாக்கலாம், ஃபேன ஆஃப் பண்ணிட்டு ஃபோன ஒரு சாண் தள்ளி வெச்சு முலாம்பழம், பூசணி, முட்டைக்கோஸ் மூணையும் குத்தி ரெக்கார்ட் பண்ணுங்க (கைய பத்திரமா வெச்சுக்கங்க), எது சதை மாதிரி கேக்குதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. அப்புறம் அந்த கீச் கீச் மியூசிக். ஹிட்ச்காக் அந்த சீனுக்கு மியூசிக்கே வேணாம்னுதான் சொன்னாரு, இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கேக்காம வயலின் வகை கம்பி வாத்தியங்கள மட்டும் வெச்சு போட்டுக் காட்டினாரு, கேட்டதும் மனுஷன் மனச மாத்திக்கிட்டாரு. அப்படி ஒரு ஆள் உங்க டீம்லயும் இருந்தா தயவு செஞ்சு பேச விடுங்க.

ஸ்டெப் 4: யார சாகடிக்கிறோம்னு யோசிங்க

குளியலறைல சாகுற ஹீரோயினா நடிச்ச ஜேனட் லீ அன்னைக்கு பெரிய ஸ்டார். முக்கால் மணி நேரம் அவங்க பின்னாடியே நம்மள நடக்க விட்டுட்டு பொசுக்குனு கொன்னுட்டாரு ஹிட்ச்காக். லேட்டா வர்றவங்க ஜேனட் லீ எப்ப வருவாங்கன்னு காத்துட்டே இருப்பாங்கல்ல, அதனால படம் ஆரம்பிச்சப்புறம் யாரையும் உள்ள விடக்கூடாதுன்னு தியேட்டருக்கு ரூல் போட்டாரு. அமெரிக்காவுல அப்ப பாதி படத்துல நுழையுறதெல்லாம் சகஜம்.

ஸ்டெப் 5: போட்டுக் காட்டுங்க

அஞ்சு பேர ஒண்ணா உக்கார வெச்சு உங்க சீன போடுங்க, நீங்க ஸ்க்ரீன பாக்காம அவங்க மூஞ்சிய பாருங்க, எந்த செகண்ட்ல ஃபோன எடுக்குறாங்கன்னு குறிச்சுக்கங்க. நல்லால்லன்னு சொன்னா அன்னைக்கே டெலீட் பண்ணிராதீங்க. சைக்கோவ ரிலீஸ் அப்ப நிறைய விமர்சகர்கள் திட்டினாங்க, ஜனங்க க்யூல நின்னாங்க, நியூயார்க் டைம்ஸ்ல பெருசா பாராட்டாத பாஸ்லி க்ரௌதரே வருஷக் கடைசில டாப் டென் லிஸ்ட்ல சேத்தாரு, ஆஸ்கருக்கு நாலு நாமினேஷன் வந்துச்சு, ஒண்ணும் கிடைக்கல. ரெண்டு வாரம் கழிச்சு அதே சீன வேற அஞ்சு பேருக்கு போடுங்க, ரெண்டு தடவையும் ஒரே செகண்ட்ல ஃபோன் வெளிய வந்துச்சுன்னா அந்த கட்லதான் கை வைக்கணும்.