தொளதொள உறையைத் தூக்கிப் போட்டேன்

டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், சட்டத் தடை எதுவும் இல்லாத 21 வயது நிரம்பியவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம், ஆனால் எதில் வைப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. நான் கிளாக் 19 கைத்துப்பாக்கியை ஒரு பழைய தோல் உறையில் போட்டு இடுப்பில் செருகி வந்தேன். ஒருநாள் திரும்பச் செருகும்போது ஏதோ தடுக்கியது, நல்லவேளை அழுத்தவில்லை. பார்த்தால், நைந்துபோன உறையின் வாய் மடிந்து ட்ரிகர் (சுடும் விசை) வளையத்துக்குள் போயிருந்தது! இதில் கட்டைவிரலால் போடும் சேஃப்டி பூட்டு கிடையாது, ட்ரிகர் அழுந்தினால் வெடிக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் ட்ரிகரை முழுதாக மூடும் கைடெக்ஸ் (கெட்டியான பிளாஸ்டிக்) உறை, தடித்த பெல்ட், வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் (முன்பக்கம் தொப்பை இடிக்கிறது). இப்போது துப்பாக்கியை உறைக்குள் வைத்தபடியே மாட்டுகிறேன், கழற்றுகிறேன். தனியாகச் செருக வேண்டி வந்தால் சட்டையைத் தூக்கிப் பிடித்து, கண்ணால் பார்த்து, மெதுவாகத்தான்.